மூக்கு வைப்பதா, அடியைச் சுரண்டுவதா? தடைக்காலத்தில் படகுக்கு எதைச் செய்தால் டீசல் மிஞ்சும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத இந்தத் தடைக்காலத்தில்தான் படகைக் கரையேற்றி அதன் அடியைக் கண்ணால் பார்க்க முடியும். தூத்துக்குடியில் எங்கள் மாமாவின் இழுவைப் படகு கரையேறி நின்றபோது அவர் என்னைக் கூப்பிட்டு அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், கீழே கையை வைத்துக் காட்டினார். "ஏல மாப்ள, இந்த இடத்துல மூக்கு மாதிரி ஒண்ணு வச்சா டீசல் மிச்சமாவுதாமே, வச்சிரட்டுமா? இல்ல வழக்கம்போல பெயின்ட அடிச்சு எறக்கிரட்டுமா?"

அவர் கையில் இருந்த பணத்துக்கு ஒரு பெரிய வேலைதான் செய்யலாம். அதே வாரம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நண்பரும் போனில் ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்டார். அவருடையது தூண்டில் படகு. தங்குகடலுக்குப் போய்ப் பல நாள் கழித்துத் திரும்பும். இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன். கடல்சார் பொறியியல் படித்துவிட்டுப் படகுப் பட்டறைகளோடு பழகுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் அழுத்தமான கருத்து உண்டு. ஆனால் கருத்தைவிடக் கணக்கு முக்கியம், அதனால் முதலில் கணக்கு.

டீசல் எங்கே போகிறது

ஓடும் படகைத் தண்ணீர் மூன்று வழிகளில் பிடித்து இழுக்கிறது. அடியிலும் பக்கத்திலும் உரசுவது ஒன்று. படகு எழுப்பும் அலை இன்னொன்று. அந்த அலையை உண்டாக்கும் சக்தி நம் டாங்க்கிலிருந்துதான் போகிறது. மூன்றாவது சுழல். அமரம் என்கிற பின்பக்கத்திலோ, ஏரா என்கிற அடிக்கட்டையின் முனையிலோ, சுக்கானிலோ தண்ணீர் உடம்பை ஒட்டி வர முடியாமல் பிய்ந்துபோகும் இடங்களில் எல்லாம் அது உண்டாகும்.

இவற்றைத் தனித்தனியாக அளக்க முடியும் என்று காட்டியவர் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயர். 1867-ல் இங்கிலாந்தின் டார்ட் ஆற்றில் இரண்டு வகை மாதிரிப் படகுகளை இழுத்துப் பார்த்தார். கூர்மையான அணியம் உள்ளதற்கு ரேவன் என்று பெயர், அதாவது அண்டங்காக்கை. உருண்டையான அணியம் உள்ளது ஸ்வான், அன்னம். இரண்டு வடிவத்தையும் 3 அடி, 6 அடி, 12 அடி என்று மூன்று அளவில் செய்திருந்தார். மெதுவாக இழுத்தபோது காக்கை லேசாக வந்தது. வேகம் கூடக்கூட அன்னம் முந்திக்கொண்டது. எந்த வடிவம் நல்லது என்று கேட்டால், எந்த வேகத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். மாமாவின் மூக்குக் கேள்விக்கான பாதி விடை அந்த ஆற்றிலேயே கிடைத்துவிட்டது.

ஃப்ரூட் கண்டது இன்னொன்றும் உண்டு. சின்னப் படகும் பெரிய படகும் ஒரே அலைக்கோலத்தை எழுப்ப வேண்டுமானால், வேகத்தை நீளத்தின் வர்க்கமூலத்தால் வகுத்து வரும் எண் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்பதில் ஒரு பங்கு நீளமுள்ள மாதிரியை மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் இழுத்தால் நிஜக் கப்பலின் அலை அப்படியே தெரியும். 1871-ல் கிரேஹவுண்ட் என்ற கடற்படைக் கப்பலையே இன்னொரு கப்பலால் இழுக்க வைத்து இதைச் சரிபார்த்தார்கள். கணக்கு பொருந்தியது. அடுத்த ஆண்டு டார்க்கீ நகரில், மாதிரிப் படகுகளைத் தண்ணீரில் இழுத்து அளக்கும் அவருடைய சோதனைத் தொட்டி ஓடத் தொடங்கியது. இன்று உலகத்தில் கப்பலுக்கென்று இருக்கும் இழுவைத் தொட்டிகள் எல்லாம் அந்தத் தொட்டியின் பிள்ளைகள்தான்.

இதை நம் படகுக்குப் போட்டுப் பார்ப்போம். தண்ணீர்க்கோட்டில் 17 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். படகு எழுப்பும் அலையின் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையிலான தூரம் படகின் வேகத்தை மட்டுமே பொறுத்தது. 7 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், சுமார் 1.85 கிலோமீட்டர்) அது 8 மீட்டருக்குச் சற்று மேல். 8 நாட்டில் 11 மீட்டர், 9 நாட்டில் 14, 10 நாட்டில் சரியாக 17. அதாவது 10 நாட்டில் அணியத்தில் ஒரு முகடு, அமரத்தில் ஒரு முகடு, நடுவில் பள்ளம். தான் தோண்டிய குழியிலேயே படகு உட்கார்ந்திருக்கும். அதற்கு மேல் வேகம் கூட்டினால் அமரம் பள்ளத்துக்குள் இறங்கிவிடும், அணியம் மேலே பார்க்கும், இன்ஜின் மேட்டில் ஏறுவதுபோல் முக்கும். டிரைவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும். "இதுக்கு மேல முறுக்குனா புகைதான் வரும், ஓட்டம் வராது" என்பார்கள். அது அப்படியே ஃப்ரூட்டின் கணக்கு.

ஆக 7 நாட்டுக்குக் கீழே உரசல்தான் பெரிய செலவு. 9-ஐத் தாண்டினால் அலை பெரிய செலவு. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேலையாகப் பார்ப்போம்.

அடியைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது

மாமாவின் படகின் அடியில் கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். ஏராவை ஒட்டி உள்ளங்கையைக் கிழிக்கும் அளவுக்குக் கொட்டலசு, அதாவது படகில் ஒட்டி வளரும் கூடுள்ள சின்னக் கடலுயிர். ஒவ்வொன்றும் சின்ன எரிமலை மாதிரி, உச்சியில் ஓட்டை, ஓரம் பிளேடு. கத்தியால் நெம்பினால் கூடு வந்துவிடும், அடித்தட்டு மட்டும் வெள்ளை வட்டமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீர்க்கோட்டில் பச்சைப் பாசி. இவை இரண்டும் இல்லாத இடங்களில் வெறும் வழவழப்பு. அந்த வழவழப்பைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

1752-ல் டாலம்பேர் என்ற பிரெஞ்சுக் கணித மேதை, பிசுக்கே இல்லாத ஒரு கற்பனைத் தண்ணீரில் முழுக்க மூழ்கி ஒரே சீராகப் போகும் பொருளுக்குத் தடையே இருக்காது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரி, கடல் அப்படி இல்லை. இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஜெர்மனியின் லுட்விக் பிராண்டல். 1904-ல் அவர் சொன்னது இதுதான்: தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும், பரப்பைத் தொடும் இடத்தில் பரப்போடு ஒட்டியே நிற்கும். அந்த ஒட்டிய நிலைக்கும் வெளியே ஓடும் வேகத்துக்கும் இடையில் ஒரு மெல்லிய அடுக்கு. உரசல் முழுவதும் நடப்பது அந்த அடுக்குக்குள்தான்.

8 நாட் வேகத்தில் ஓடும் நம் 17 மீட்டர் படகில் அந்த அடுக்கு அணியத்தில் காகிதம் மாதிரி தொடங்கி, அமரத்துக்கு வரும்போது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாகத் தடித்துவிடும். அந்த ஒரு சாண் தண்ணீரையும் படகு தன்னோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. அதற்குள்ளும் பரப்பை ஒட்டியபடி, குழப்பமில்லாமல் வழுக்கி ஓடும் ஒரு தோல் இருக்கிறது. அதன் தடிமன் கணக்குப்படி சுமார் 0.03 மில்லிமீட்டர். தலைமுடியைவிட மெல்லியது. படகின் அடியில் இருக்கும் சொரசொரப்பு இந்தத் தோலுக்குள் மறைந்துவிட்டால் தண்ணீருக்கு அது தெரியாது. தோலைக் கிழித்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு மேடும் ஒரு சுழலை உண்டாக்கும். 5 மில்லிமீட்டர் கொட்டலசு அந்தத் தோலைவிட நூற்றைம்பது மடங்குக்கு மேல் உயரம்!

அமெரிக்கக் கடற்படையின் ஃபிரிகேட் வகைக் கப்பல் ஒன்றுக்கு நடந்த ஆய்வில், அடி முழுக்கக் கொட்டலசு அடர்ந்தால் பயண வேகத்தைத் தக்கவைக்க 86 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும் என்று கணக்கிட்டார்கள். வெறும் வழவழப்பு தடிமனாகப் படிந்தாலே 20 சதவீதத்தை ஒட்டி வந்தது. நம் படகுக்கு எண் மாறும், ஆனால் கதை மாறாது.

அதனால் இந்த வேலையில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் "வழக்கம்போல பெயின்ட்" என்பதில்தான் எனக்கு வருத்தம். கூட்டை மட்டும் தட்டிவிட்டு, வெள்ளை வட்டங்களின் மேலேயே இரண்டு கோட் அடிப்பதைப் பல பட்டறைகளில் பார்க்கிறேன். எங்கள் வீட்டுப் படகுக்கே ஒரு வருடம் அப்படித்தான் நடந்தது. மூன்றே மாதத்தில் பெயின்ட் அந்த வட்டங்களிலிருந்து உரிந்து, உரிந்த இடத்தில் புதுக் கொட்டலசு வந்துவிட்டது. அடித்தட்டையும் சுரண்டி, நல்ல தண்ணீரால் உப்புப் போகக் கழுவி, காயவிட்டு, அப்புறம்தான் பிரைமர். இரும்புப் படகானால் செம்பு கலந்த பெயின்ட்டுக்கும் இரும்புக்கும் நடுவே தடுப்புக் கோட் கட்டாயம், இல்லையென்றால் தகட்டை அரித்துவிடும். கொட்டலசின் குஞ்சுகள் படகு ஓடும்போது ஏறுவது குறைவு, துறையில் கட்டிக் கிடக்கும் நாட்களில்தான் ஏறும். ஆகவே அதிகம் கட்டிக் கிடக்கும் படகுக்குத்தான் நல்ல பெயின்ட் அதிகம் தேவை.

ஒரு நாட் குறைப்பது

இதற்குப் பைசா செலவில்லை. வேகத்தைக் கூட்டினால் இன்ஜின் தர வேண்டிய சக்தி ஏறக்குறைய வேகத்தின் மூன்றாம் மடியாகக் கூடும். 9 நாட்டில் ஓடுகிற படகு 8 நாட்டுக்கு இறங்கினால் மணிக்கு ஆகும் டீசல் சுமார் 30 சதவீதம் குறையும். ஓடும் நேரம் கூடுவதையும் கழித்துவிட்டால் அதே தூரத்துக்கு 21 சதவீதம் மிச்சம். அலை பெரிதாகும் வேகத்தில் மூன்றாம் மடியையும் தாண்டித்தான் ஏறும் என்பதால், நிஜத்தில் மிச்சம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

20 கடல் மைல் போகும் படகுக்கு இதனால் தாமதம் போக 17 நிமிடம், வர 17 நிமிடம். 200 கடல் மைல் போகும் தூத்தூர் நண்பருக்கு ஒரு வழிக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவு.

இதைச் சொன்னதும் மாமா தலையை ஆட்டவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. தூத்துக்குடியில் இழுவைப் படகுகள் காலை 5 மணிக்குப் போய் இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும். அந்த 34 நிமிடம் அவருக்கு மடி, அதாவது இழுவை வலை, தண்ணீரில் கிடக்கும் நேரத்திலிருந்து கழியும். முதலில் வருகிற படகுக்கு ஏலத்தில் கிடைக்கும் விலையும் இருக்கிறது. நான் கேட்டது இவ்வளவுதான்: போகும்போது ஓடுங்கள், திரும்பும்போது வலையும் சுருட்டியாயிற்று, நேரமும் இருக்கிறது என்கிற நாட்களிலாவது குறையுங்கள். தங்குகடல் படகுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பல நாள் பயணத்தில் மூன்று மணி நேரம் ஐஸை உருக்கிவிடாது. அவர்களுக்கு இதைவிட நல்ல முதலீடு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மூக்கு

இனி மாமா ஆசைப்பட்ட விஷயம். அணியத்தில் தண்ணீருக்கு அடியில் உருண்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மூக்கு வெறும் அலங்காரமில்லை. அமெரிக்கக் கடற்படைப் பொறியாளர் டேவிட் டெய்லர் அதை வடிவமைத்து, 1910-ல் பணிக்கு வந்த டெலவேர் போர்க்கப்பலில் வைத்தார்கள். 1929-ல் ஜெர்மனியின் பிரெமன் பயணக் கப்பல் மூக்கோடு வந்து முதல் பயணத்திலேயே அட்லாண்டிக் வேக சாதனையைப் பிடித்தது. 1950, 60-களில் ஜப்பானின் டகாவோ இனூய் இதைக் கணக்காக்கிக் கொடுத்தார்.

வேலை செய்யும் விதம் அழகானது. மூக்கு தனக்கென ஓர் அலையை எழுப்புகிறது. படகின் அணியம் தன் அலையை எழுப்புகிறது. அணியத்தின் முகடு எழும் இடத்தில் மூக்கின் பள்ளம் வந்து விழுந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும், தண்ணீர் ஏறக்குறைய மட்டமாகக் கிடக்கும். பெரிய கப்பல்களில் பொருத்தமாக அமைந்தால் 10 முதல் 15 சதவீதம் வரை எரிபொருள் மிஞ்சும்.

"பொருத்தமாக" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அலைநீளம் வேகத்தோடு மாறுவதால், முகடும் பள்ளமும் சந்திப்பது ஒரு குறிப்பிட்ட வேகத்தில்தான். மூக்கு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்துகொள்ளும். வேகம் மாறினால் அது உரசலுக்குக் கூடுதல் பரப்பு, அவ்வளவுதான். 2008-க்குப் பிறகு கன்டெய்னர் கப்பல்கள் எரிபொருளை மிச்சப்படுத்த வேகத்தைக் குறைத்து ஓடத் தொடங்கியபோது, வேகமான ஓட்டத்துக்காகச் செய்த மூக்குகள் பாரமாகிவிட்டன. பல கப்பல்களில் அவற்றை அறுத்தெடுத்துவிட்டுப் புது மூக்கு வைத்தார்கள். ஒரே வேகத்தில் மாதக்கணக்கில் ஓடும் கப்பல்களுக்கே இந்தக் கதை.

மாமாவின் படகு டீசலும் ஐஸும் நிரப்பிப் போகும்போது ஓர் ஆழத்தில் கிடக்கும், டீசல் தீர்ந்து வரும்போது இன்னோர் ஆழத்தில். மடி இழுக்கும்போது வேகம் 3 நாட், ஓடும்போது 9. வாடைக் காற்றில் அணியம் தூக்கித் தூக்கிப் போடும், மூக்கு ஒவ்வொரு முறையும் தண்ணீரை அறையும். மர அணியத்தில் அதைப் பிணைத்த இடம் அந்த அடியைத் தாங்க வேண்டும். வேறொரு படகில் பார்த்த மூக்கை அளவெடுத்து நம் படகில் ஒட்டுவது, அடுத்தவர் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்வது மாதிரிதான்.

மாமாவிடம் வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிட்டேன். தூத்தூர் நண்பருக்கு மட்டும் கொஞ்சம் மாற்றிச் சொன்னேன். அவர் நீண்ட தூரம் ஒரே வேகத்தில் ஓடுகிறவர். புதுப் படகு கட்டும்போது, அந்த வேகத்தைச் சொல்லி, அந்தப் படகுக்கென்றே கணக்குப் போட்டு, தொட்டியிலோ கம்ப்யூட்டரிலோ சோதித்து வடிவமைத்தால் வைக்கலாம். பழைய படகில் ஒட்டவைக்க அவரும் செலவழிக்க வேண்டாம்.

மடி இழுக்கிறவர்களுக்கு வேறு கணக்கு

இழுவைப் படகின் இன்ஜின் அதிகம் உழைப்பது ஓடும்போதல்ல, இழுக்கும்போது. 9 நாட்டில் இருக்கும் படகின் தடை 3 நாட்டில் ஒன்பதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அப்படியும் இன்ஜின் முக்குகிறது என்றால், அது இழுப்பது படகை இல்லை, மடியை. அங்கே அணியத்தின் வடிவம் எதற்கும் உதவாது.

தண்ணீரில் உருண்டையான கயிறு அல்லது கம்பி மிக மோசமான வடிவம். தண்ணீர் அதன் முன்பக்கம் ஒட்டி வரும், பின்பக்கம் ஒட்ட முடியாமல் பிய்ந்து, இடமும் வலமும் மாறிமாறிச் சுழலாக உதிரும். இந்தச் சுழல் வரிசையை 1911-ல் தியோடர் வான் கார்மன் விளக்கினார். அதே அகலத்தில் மீன் உடம்புபோல் வால் நீண்ட வடிவத்துக்குத் தடை பத்தில் ஒரு பங்குதான். இழுவையின்போது வின்ச்சுக்கு அப்பால் ரோப்பைத் தொட்டுப் பாருங்கள், இன்ஜின் அதிர்வோடு இன்னொரு மெல்லிய நடுக்கம் இருக்கும். சுழல்கள் ஒவ்வொன்றாக உதிர்கிற நடுக்கம் அது. மடியில் இருப்பதெல்லாம் இப்படிப்பட்ட கயிறுகள்தான், ஆயிரக்கணக்கில். ஆகவே பலம் குறையாத மெல்லிய நூலும், மடியின் முன்பகுதியில் பெரிய கண்ணியும் எடுத்தால் இழுப்பு உடனே இலகுவாகும். கிழிந்த இடத்தைத் தடித்த கயிற்றால் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டே பழைய மடியை ஓட்டுவது மலிவு மாதிரி தெரியும், அதன் விலை டீசல் பில்லில் வரும்.

அடுத்தது புரொப்பல்லர். நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சம் தண்ணீரை வேகமாகத் தள்ளுவதைவிட எப்போதும் சிக்கனம். அமரத்தில் இடம் இருந்தால் பெரிய புரொப்பல்லரை மெதுவாகச் சுற்றும் கியரோடு வைப்பது நல்லது. இடம் இல்லையென்றால் சுற்றிலும் வளையம், அதாவது நாசில். இழுக்கும் வேகத்தில் அதே சக்திக்கு ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை கூடுதல் இழுப்பு தரும். வேகமாக ஓடும்போது அந்த வளையமே தடையாகிவிடும் என்பதால் தூத்தூர் நண்பருக்கு அது வேண்டாம்.

சின்ன விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புரொப்பல்லருக்கு முன்னால் இருக்கும் ஏராவின் பின்முனை மாமா படகில் நான்கு விரல் அகலத்துக்குச் சதுரமாக வெட்டி நின்றது. தண்ணீர் அங்கே பிய்ந்து, சுழலாகவே புரொப்பல்லருக்குள் போகும். அதை இழைத்துக் கத்தி முனைபோல் ஒடுக்கித் தரத் தச்சருக்கு அரை நாள் வேலை. மீன் தேடும் கருவியின் சென்சாரைச் சுற்றி அடித்திருந்த கட்டையும் அப்படித்தான் மொட்டையாக இருந்தது, அதையும் இழைத்தோம்.

கடைசியில் மாமா சுரண்டிப் பெயின்ட் அடித்தார், ஏராவை இழைத்தார், மீதிப் பணத்தை நாசிலுக்கு என்று எடுத்து வைத்திருக்கிறார். மூக்கை விட்டுவிட்டார். நண்பர் சுரண்டினார், வேகத்தைக் குறைக்கச் சம்மதித்தார்.

படகு இறங்கிய முதல் நாள் நானும் கூடப் போனேன். இன்ஜின் சுற்றை 100, 100-ஆகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் ஜி.பி.எஸ். வேகத்தைக் குறித்தோம். நீரோட்டம் ஏமாற்றிவிடக் கூடாது என்று அதே கோட்டில் திரும்பி வந்து இன்னொரு முறை குறித்து, இரண்டுக்கும் சராசரி எடுத்தோம். கடைசி 200 சுற்றுக்கு வேகம் அரை நாட்கூட ஏறவில்லை. மாமா எதுவும் பேசாமல் சாக்பீஸை எடுத்து வீல் ஹவுஸ் பலகையில், அந்த 200-க்குக் கீழே ஒரு கோடு போட்டார். "ஏல, இதுக்கு மேல ஏத்தாதீங்க" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு அமரத்துக்குப் போய்ப் பின்னால் எழும் அலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.